நாலரைக் கட்டை

மூன்று வருடம் இன்னொருத்தியின் ஸாவில் பாடினேன். அதற்குப் பெயர் பி.ஏ. மியூசிக் ஆனர்ஸ்.

நான் சேர்ந்தது 1996இல். எங்கள் வகுப்பில் பதினான்கு பெண்கள், ஐந்து பையன்கள். பெண்களுக்கு ஓர் அறை, பையன்களுக்கு ஓர் அறை. பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்று நாலு வருடமாக அந்த இடம் காலி. எங்கள் ஆசிரியை அணிமா-திதான் இரண்டு அறைக்கும் ஓடுவார். எங்கள் அறைக்கு வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் ஹார்மோனியத்தைத் திறந்து பி ஃப்ளாட்டை அழுத்துவார். நம் ஊர்க் கணக்கில் ஆறரைக் கட்டை. பதினான்கு பேரும் அதைத்தான் தங்கள் ஸா என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பதிமூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மேல் ஸாவிலேயே கழுத்து நரம்பு புடைக்கும். அதற்கு மேலே காந்தாரத்துக்குப் போனால் குரல் கிழிந்துவிடும்.

"சோம்பேறித்தனம், ஜோயா. காலையில ரியாஸ் பண்றியா, தூங்கறியா?" என்பார் அணிமா-தி. என் பெயர் ஜெயப்ரியா. அதையும் வங்காளிகள் தங்கள் வசதிக்குக் குறைத்துக்கொண்டார்கள்.

ரியாஸ், அதாவது சாதகம், பண்ணினேன். பவானிபூரில் ஒற்றை அறை வீடு. குழாயடியில் வரிசை சேர்வதற்கு முன்னால், ஐந்தரை மணிக்கு, அதே ஆறரைக் கட்டையில் கத்தினேன். பக்கத்து வீட்டு பௌதி, அதாவது அண்ணி, எனக்குத் தொண்டையில் ஏதோ வியாதி என்று நம்பி வாரம் இரண்டு முறை இஞ்சி டீ கொடுத்து அனுப்பினாள்.

முதல் பாகத்துச் செய்முறைத் தேர்வில் முப்பத்தெட்டு. நாற்பது இருந்தால்தான் ஆனர்ஸில் நிற்கலாம். இரண்டு மார்க் பிச்சை போட்டு நிறுத்தி வைத்தார்கள். கடைசி வருடத்தில் அந்தப் பிச்சை கிடையாது. நாற்பதுக்குக் கீழே போனால் வெறும் பாஸ் டிகிரி. நான் விண்ணப்பம் போட நினைத்திருந்த பள்ளிகள் எல்லாம் பாட்டு டீச்சர் வேலைக்கு ஆனர்ஸ் கேட்டன.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா பன்னீர்செல்வத்துக்கு அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டும் வேலை. அம்மா மகேஸ்வரி நர்சிங் ஹோமில் ஆயா. நான் மியூசிக் எடுக்கிறேன் என்றதும் அப்பா, தன் லிஃப்டில் ஏறிய வெங்கடநாராயணன் என்ற தமிழ் ஆபீசரிடம் யோசனை கேட்டிருக்கிறார். "ஏன்யா பன்னீர், பாட்டெல்லாம் ஆத்துலயே சொல்லிக்கலாமே. பேசாம பி.காம்ல போடு" என்றாராம் அவர். தரைத்தளத்தில் ஆரம்பித்து நாலாவது மாடி வருவதற்குள் என் எதிர்காலம் முடிவாகிவிட்டது. அந்தக் கோபத்தில்தான் மியூசிக்கிலேயே சேர்ந்தேன். பாட்டு பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் முதல் காரணம் கோபம்தான்.

கடைசி வருடம், மார்ச் மாதம். பையன்கள் தங்கள் அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தபலா, கோகுல்-தா. முப்பது வயதுகூட இருக்காது. தினக்கூலி. டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் கூப்பிட்டால் அங்கே ஓடிவிடுவார். நான் வராந்தாவில் உட்கார்ந்து அவர்கள் பாடிய யமன் ராகத்தைக் கூடவே முனகிக்கொண்டிருந்தேன்.

"வெளியில யாரு? உள்ள வந்து பாடு, இல்லாட்டி வாயை மூடு" என்றார் கோகுல்-தா.

உள்ளே போனேன். யாரும் ஹார்மோனியத்தை அழுத்தி எனக்கு ஸா கொடுக்கவில்லை. தொண்டை எங்கே நின்றதோ அங்கே ஆரம்பித்தேன். பையன்கள் சிரித்தார்கள். "ஜோயா-தா வந்தாச்சு" என்றான் ஒருத்தன். அக்காவுக்குப் போடும் தி-யை எடுத்துவிட்டு அண்ணனுக்குப் போடும் தா. கோகுல்-தா சிரிக்கவில்லை, வாசிப்பை நிறுத்தவும் இல்லை. மேல் ஸாவைத் தொட்டேன். நரம்பு புடைக்கவில்லை. காந்தாரம் வரை போய்த் திரும்பினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"உன் ஸா எஃப் ஷார்ப்" என்றார் கோகுல்-தா. நாலரைக் கட்டை. "இது பையன்களோட தபலா, சி ஷார்ப். உன்னோட பஞ்சமத்துல அப்படியே வந்து உக்காருது. தெரியாதா உனக்கு?"

"தெரியாது."

"மூணு வருஷமா என்ன படிச்ச?"

"பி ஃப்ளாட்."

அதற்கு மட்டும் சிரித்தார்.

"பொண்ணுங்க தபலாவையே எனக்காக இறக்கிக்க முடியாதா?"

"அது சின்ன வாய். அவ்வளவு இறக்கினா தோல் தொங்கிப்போயிடும். அப்புறம் பானையைத்தான் தட்டணும்."

ஆக, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தேர்வன்று பெண்களுக்குக் காலை, பையன்களுக்கும் அவர்கள் தபலாவுக்கும் மத்தியானம். என்னை மத்தியானத்துக்கு மாற்ற வேண்டும். தம்புராவுக்குத் துறையில் எலெக்ட்ரானிக் பெட்டி இருந்தது. குமிழைத் திருகினால் எந்தக் கட்டையிலும் பாடும்.

அணிமா-தி ஆசிரியர் அறையில் பொரி தின்றுகொண்டிருந்தார். சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை பொரி வாய்க்குப் போகவில்லை.

"முடியாது. பொண்ணுங்க காலையில. ரூல்."

"எங்க எழுதியிருக்கு அந்த ரூல்?"

"வாய் அதிகம் உனக்கு, ஜோயா."

"வாய் சரியாத்தான் இருக்கு, அணிமா-தி. ஸ்கேல்தான் சரியில்ல."

அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் பொரிப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன். இருபது வருடம், முப்பது வருடம், எத்தனை தொண்டைகளைக் கிழித்திருப்பாள் என்று நினைத்தேன். 'பாள்' என்றுதான் நினைத்தேன்.

பெட்டிஷன் எழுதினேன். மூன்று பக்கம். வீட்டில் படித்துக் காட்டினேன்.

"நல்லா காரமாத்தான் எழுதியிருக்க" என்றார் அப்பா. "ஆனா பாப்பா, பெட்டிஷன் மேல போறத நான் தினமும் பாக்கறேன். நானேதான் ஏத்திக்கிட்டுப் போறேன். ஒண்ணுகூட எறங்கி வந்து பாத்ததில்ல."

அம்மா சப்பாத்தி திரட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தம்மா ஏன் மாட்டேங்குதுன்னு கேட்டியா?"

"ரூலாம்."

"அது இல்லடி. ஏன் மாட்டேங்குதுன்னு கேட்டியா?"

"அதான் ரூல்னு சொல்றாங்கல்ல."

"என்னமோ போ. எங்க நர்சிங் ஹோம்ல புது மெஷின் வந்தா, ஓட்டத் தெரியாத நர்ஸம்மா மொதல்ல சொல்ற வார்த்தை அதுதான்."

பெட்டிஷனைத் துறைத்தலைவருக்கு அனுப்ப வேண்டுமானால் ஆசிரியர் கையெழுத்து வேண்டும். அதற்குள் மே மாதம் வந்துவிட்டது, தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிராம் பிடித்து டாலிகஞ்சில் அணிமா-தி வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போடாவிட்டால் வாசலிலேயே இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம்.

ஹவுசிங் காலனியில் மூன்றாவது மாடி. படி ஏறும்போதே ஹார்மோனியம் கேட்டது. யாரோ குழந்தை கற்றுக்கொள்கிறது என்று நினைத்தேன். ஆரோகணம் மூன்று ஸ்வரம் போகும், நிற்கும், தப்பான கட்டையை அழுத்தும், திரும்ப ஸாவிலிருந்து வரும். கதவு திறந்திருந்தது. திரையை விலக்கினேன்.

குழந்தை இல்லை. அணிமா-தி தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஹார்மோனியத்தின் கட்டைகள்மேல் அங்கங்கே சிவப்பு ஒட்டுப்பொட்டு. முதல் பொட்டு எஃப் ஷார்ப்பில் இருந்தது.

என்னைப் பார்த்ததும் முந்தானையை எடுத்துக் கட்டைகள்மேல் போட்டார். பிறகு அதில் அர்த்தமில்லை என்று தெரிந்து அவரே எடுத்துவிட்டார்.

"நீ கேட்டதிலேர்ந்து பண்றேன். ரெண்டு மாசமாச்சு" என்றார். "ரெண்டு தடவை சரியாப் போகுது. மூணாவது தடவை விரல் பழைய இடத்துக்கே போயிடுது. பொட்டு இல்லன்னா ஒரு தடவைகூட வராது."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. தேர்வில் எல்லாருக்கும் ஹார்மோனியம் வாசிப்பது அவர்தான். முப்பது வருடமாகப் பெண்களுக்கு பி ஃப்ளாட், பிறகு பையன்களும் அவர் கைக்கு வந்தபோது அவர்களுக்கு சி ஷார்ப். அவர் விரல்களுக்கு அந்த இரண்டு ஸா மட்டும்தான் தெரியும்.

"ரூல்னு சொன்னீங்க."

"வேற என்ன சொல்றது? தெரியாதுன்னா? உங்கிட்டயா? நீ அங்கயே, அத்தனை பேர் முன்னாடி அதைத் திருப்பிச் சொல்லுவ."

சொல்லியிருப்பேன்.

"வெளியூர்லேர்ந்து பரீட்சகர் வர்றார். அவர் முன்னாடி நான் தடுமாறினா, அப்புறம் அந்த ரூமுக்குள்ள எப்படிப் போவேன்?"

"என் தொண்டை மூணு வருஷமா தடுமாறுதே, அணிமா-தி."

"தெரியும்" என்றார். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை என் ஒருத்தியின் ஸாவுக்காகப் பொட்டு ஒட்டி வைத்துக்கொண்டு தப்புத் தப்பாக வாசிப்பதைப் பார்த்துவிட்ட பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் வில்வப்பழச் சர்பத் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். பெட்டிஷன் பையிலேயே இருந்தது.

"ஹார்மோனியம் இல்லாமப் பாடறேன்" என்றேன்.

"இல்லாமலா? பரீட்சையில யாரும் அப்படிப் பாடினதில்ல. நீ சறுக்கினா பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது."

"சறுக்கினா சறுக்கறேன்."

"பரீட்சகர் ஏன்னு கேப்பார்."

"கேட்டா என்னைத்தானே கேப்பார்."

நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் தெரியாது. மறுநாள் பட்டியலில் என் பெயரை மத்தியானத்துக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நடுவில் இருந்த மூன்று வாரமும் பௌதி டீ அனுப்பவில்லை. வியாதி குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வன்று இரண்டு பையன்களுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியின் குமிழைத் திருகி எஃப் ஷார்ப்பில் வைத்தேன். அணிமா-தி ஹார்மோனியத்தின் துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டினார். அந்தச் சத்தத்துக்குப் பரீட்சகர் நிமிர்ந்தார். தடித்த கண்ணாடி, கையில் பனையோலை விசிறி.

"பையன்கள் நடுவுல ஒரு பொண்ணு. ஹார்மோனியமும் இல்ல. என்ன விஷயம்?"

கோகுல்-தா தபலாவைச் சுதி சேர்த்த சுத்தியலைக் கீழே வைத்தார். அணிமா-தி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது நுனி சிவந்திருந்தது. 'எங்க டீச்சருக்கு ரெண்டு ஸாவுக்கு மேல வாசிக்கத் தெரியாது, சார்' என்ற வாக்கியம் மூன்று வருடக் கோபத்தோடு நாக்கு நுனியில் இருந்தது. எட்டு வார்த்தை. சொன்னால் என்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

"ஸ்கேல் எனக்குக் கீழ, சார். அதனால இந்தத் தபலா. ஹார்மோனியம் நான்தான் வேணாம்னேன். தொந்தரவா இருக்கு."

"பி.ஏ. பரீட்சையிலயே தொந்தரவா இருக்கா" என்றார். விசிறி நின்றது. "நல்லது. யமன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. புரியா பாடு."

கோகுல்-தா என்னைப் பார்த்தார். புரியா ராகத்தில் பஞ்சமம் என்ற 'ப' ஸ்வரமே கிடையாது. தபலாவோ என் பஞ்சமத்தில் உட்கார்ந்திருந்தது. இல்லாத ஸ்வரத்தை அவர் அடிக்கு அடி தட்டிக்கொண்டிருக்க, நான் அதைத் தவிர்த்துப் பாட வேண்டும். பாடினால் கெடும். மாட்டேன் என்றால் திமிர்.

"சார், தபலா என் பஞ்சமத்துல இருக்கு. புரியாவுக்கு அது ஆகாது. பஞ்சமம் இருக்கற ராகம் எது வேணா கேளுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அணிமா-தி பக்கம் திரும்பி, "நீங்க சொல்லிக்கொடுத்ததா?" என்றார்.

"இல்ல" என்றார் அணிமா-தி. "அவளாத் தெரிஞ்சுக்கிட்டா."

"பீம்பலாசி" என்றார் பரீட்சகர்.

பாடினேன். நன்றாகப் பாடினேன் என்று சொல்ல மாட்டேன். கீழே நன்றாக இருந்தது, மேலே போனபோதும் கிழியவில்லை. ஆனால் பக்கத்தில் ஹார்மோனியம் இல்லாத வெட்டவெளி எனக்குப் பழக்கமில்லை. பாட்டின் மேல் பகுதியான அந்தராவில் ஒரு தான், வேகமான ஸ்வர ஓட்டம், போய்த் திரும்பியபோது நிஷாதம் சுதியை விட்டு இறங்கிவிட்டது. எனக்கே கேட்டது. அணிமா-திக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் வலது கை தானாக எழுந்து, மூடிய ஹார்மோனியத்தின்மேல் வந்து நின்றது. அவரால் கொடுக்க முடியாத நிஷாதம் அது. கையை மடிக்கு எடுத்துக்கொண்டார். நான் தம்புராப் பெட்டியைக் கேட்டேன், கேட்டுக்கொண்டே நின்றேன், இரண்டு மாத்திரை தாமதமாக ஸாவுக்கு வந்து சேர்ந்தேன். கோகுல்-தா எனக்காகக் காத்திருந்து சமத்தை, தாளத்தின் முதல் அடியை, கொடுத்தார்.

"போதும்" என்றார் பரீட்சகர். ஏதோ எழுதினார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பையன் உள்ளே வந்தான். அணிமா-தி கொக்கியைக் கழற்றி சி ஷார்ப்பை அழுத்தினார்.

செப்டம்பரில் மார்க் வந்தது. ஐம்பத்தொன்று.

ஆனர்ஸ் நிலைத்தது. மார்க்ஷீட்டை அணிமா-திதான் கையில் கொடுத்தார். "புரியாவைப் பாடியிருந்தா முப்பதுகூட வந்திருக்காது" என்றார்.

"ஹார்மோனியம் இருந்திருந்தா அறுபது வந்திருக்கும்" என்றேன்.

"வந்திருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். பேனாவை நீட்டி, வாங்கிக்கொண்டதற்கு ரெஜிஸ்டரில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஜெயப்ரியா என்று முழுசாகப் போட்டேன். அவர் எழுத்து எழுத்தாக விரல் வைத்து, அதை உரக்கப் படித்துப் பார்த்தார். "ஜொயொப்ரியா" என்று வந்தது. தப்பு என்றேன். மறுபடியும் சொல்லிப் பார்த்தார்.