துண்டுக்குள் மூன்றாவது கை

முந்நூறு ரூபாய். ஈராயிரம் வருஷத்து மரப்பொம்மைக்கு சிக்கந்தர் மனசுக்குள் போட்ட விலை அது.

தொண்ணூற்று நாலு கோடை. சோமனூர்ப் பக்கம் நொய்யல் கரைக் கிணற்றில் தூர் வாரியபோது கிடைத்த பொம்மையைச் சாக்கில் சுற்றி, உக்கடத்தில் இருந்த சிக்கந்தருடைய பழைய மரக்கடைக்குக் கொண்டுவந்திருந்தார் விவசாயி சென்னிமலை. முழ உயரம், கரிக்கட்டை நிறம், இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி. ரோமாபுரிக் காசு கிடைக்கிற மண் அது. பழம்பொருள் வாங்குகிற மெட்ராஸ் சேட்டு லட்சம் தருவார்.

"அடுப்புக்குக்கூட ஆகாதுங்ணா இது."

"அடுப்புல போட்டுப் பாத்துட்டுத்தானுங்க பாய் வாரேன். தீயே புடிக்கல. இது ஊட்டுல இருந்தா அப்பனூட்டுக்குப் போயிருவேங்கறா ஊட்டுக்காரி சாந்தாமணி."

"அப்ப லாபந்தானுங்களே!"

கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள். மாட்டுச்சந்தை வழக்கப்படி துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள், விரலுக்கு நூறு. பொம்மையும் யார் கண்ணிலும் படவேண்டாமென்று அதன்மேலேயே துண்டை விரித்தார் சிக்கந்தர். சரக்கைத் துண்டுக்குள் சேர்க்கிற வழக்கம் எந்தச் சந்தையிலும் கிடையாது.

மூன்று விரலைப் பிடித்தார். பதிலுக்கு அவருடைய ஐந்து விரலையும் ஒரு பிடி இறுக்கியது.

"ஐநூறா? அநியாயங்ணா!"

"முன்னூறுக்கே செரின்னு அப்பவே கைய எடுத்துப்போட்டனுங்களே," என்றார் சென்னிமலை, இரண்டு கையாலும் நெற்றி வேர்வையை வழித்தபடி.

துண்டுக்குள் சிக்கந்தருடைய கையும் பொம்மையும் மட்டும்தான். உள்ளே பிடி விடவில்லை. ஈரமான, சின்னஞ்சிறு பிடி. விரல் நுனிகள் ஐந்தும் கட்டை போல விறைத்துக்கொண்டு வந்தன. அது ஐந்து கேட்பது ரூபாயில் அல்ல, விரலில் என்று புரிந்துபோயிற்று. சோறு போடுகிற வலது கை! இழுத்தார்; வரவில்லை. துண்டுக்குள் போன கை விலை படிந்தால்தான் வெளியே வரும்.

அந்தச் சிறு கையைத் தேடி, ஒரே ஒரு விரலை அழுத்தினார். குளிர் மணிக்கட்டுவரை ஏறியது. "ஒண்ணுதான் கட்டும்," என்று முனகினார். பிடி தளர்ந்தது.

"ஏனுங்க பாய், மொகம் வெளுத்துப்போச்சு?"

பணத்தை நீட்டும்போது சிக்கந்தருடைய சுண்டுவிரல் மேசையில் இடித்தது. டொக்கென்று மரச்சத்தம்.

சென்னிமலை போனபின் இடது கையால் கணக்கு எழுதினார். வரவு: பொம்மை ஒன்று. பற்று: ரூபாய் முந்நூறு, சுண்டுவிரல் ஒன்று. பாக்கி: இல்லை.

துண்டு லேசாக அசைந்தது.

அவசரமாக அடித்துத் திருத்தினார். பாக்கி: நான்கு.