பேருக்கு மரத்தவளை

மரத்தவளை என்று பெயர் இருப்பதால் அவை மரத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மலையின் மரத்தவளைகள் ஓடைப் பாறையை விட்டு அசைவதில்லை. ஆகவே வனக் காவலர் மாசானம் தினமும் விடிந்ததும் அவற்றைப் பொறுக்கிப் பக்கத்து நாவல் மரத்தில் ஏற்றிவிடுவார். கடைசித் தவளையை ஏற்றுவதற்குள் முதல் தவளை இறங்கிவந்து பாறையில் ஒட்டிக்கொள்ளும். தராசில் தவளையை நிறுத்த கதைதான்.

அன்று அடிவாரத்தில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். தவளைகளை மரத்தில் விட்டுவிட்டுத் தாராளமாகப் போகலாம் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். மாசானம் ஏற்றினார். அவை இறங்கின. மறுபடி ஏற்றினார். பெயர் வைத்தவன் எவனோ, முதுகு ஒடிவது என்னுடையதா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயில் ஏறியதும் சுண்ணாம்பைக் குழைத்துப் பாறையின்மேல் ‘மரம்’ என்று எழுதினார்.

ரேஞ்சர் வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இப்பத்தான் மரத்துல இருக்கு. நீ கெளம்பு.”

மாசானம் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் காதில் கம்மல் ஆடிக்கொண்டிருந்தது. அது முட்டைக்கடைக்காரர் மடியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தது.

“நல்ல நேரம் போயிட்டுண்ணே,” என்றாள் தங்கை பேச்சியம்மாள். “இவர ஊரே மாமான்னுதான கூப்புடுது? இவரு மடியிலயே வச்சுக் குத்தியாச்சு.”

இவர் எப்படி மாமன் ஆவார் என்று கேட்க மாசானம் விரலை நீட்டினார். அதில் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது. விரலை மடக்கிக்கொண்டார்.

“ஒத்தப் பிள்ளை காதுகுத்துக்கு நேரத்தோட வர முடியல. நீ மாமன் இல்லண்ணே. கல்லு.”

சாப்பிடாமலே மலையேறினார். ஓடையில் பார்த்தால் பாறை காலியாகக் கிடந்தது. அது மரம் ஆகிவிட்டதால் தவளைகள் அதைவிட்டு இறங்கிவிட்டன. ஒதுங்க இடமின்றி எல்லாம் தண்ணீரில் தத்தளித்தன.

மாசானம் தலையில் கைவைத்துக் கரையில் உட்கார்ந்தார். முதல் தவளை அவர் காலில் ஏறி, மடியில் ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. கொஞ்ச நேரத்தில் மடி நிறைந்துவிட்டது. கடைசித் தவளை இடமில்லாமல் முழங்காலோரம் நின்றது.

மாசானம் சம்மணத்தைச் சற்று அகட்டிக் கொடுத்தார்.