வலது குதிகால்

செருப்புப் பலகையில் அந்த ஷூக்களைப் பார்த்ததுமே அவளுக்கு எங்கோ இடித்தது. வேன் ஓட்டும்போது செருப்பு கூடாது என்று கணவனுக்குப் பள்ளியில் கொடுத்தவை. எட்டு மாதமாக அட்டைப்பெட்டியை விட்டு இறங்காத மகாராஜாக்கள் இன்றைக்குச் சேறு பூசிக்கொண்டு நின்றன.

நேற்றுக் காலை காலி வேன் பள்ளித் தூணில் மோதியது. பிரேக் பிடிக்கவில்லை என்கிறான் கணவன். வேனைக் கவனிக்கும் மெக்கானிக் அவளுடைய தம்பி. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று ராத்திரியே ஃபோனில் அழாத குறை. அவன் வேலை போகும், இல்லை இவன் வேலை போகும். செருப்போடு ஓட்டினானா என்று தெரிந்துகொள்ள, பத்து மணிக்குப் பள்ளி மேலாளர் ஷூவைப் பார்க்க வருகிறார்.

"கேட்டா, தினமும் அதைத்தான் போடுவார்னு சொல்லு," என்றான் கணவன், கட்டுப்போட்ட கையைத் தடவியபடி.

அவள் ஷூக்களைத் திருப்பினாள். அடிப்பாகம் தேய்ந்துதான் இருந்தது. பின்கட்டுச் சிமெண்டுப் படியில் காலையில் சரசரவென்று தேய்க்கிற சத்தம் கேட்டது இதுதானா! ஆனால் இரண்டும் ஒரே மாதிரி, அளவெடுத்ததுபோலத் தேய்ந்திருந்தன. யாருக்குக் காதில் பூ சுற்றுகிறான்? பெடல் பக்கத்தில் குதிகாலை ஊன்றி ஊன்றி, அவன் போடும் எதிலும் வலது குதிகால்தான் முதலில் ஓட்டையாகும். இருபது வருஷமாகத் தைக்கக் கொடுப்பவள் அவள்தானே.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பழைய செருப்பு சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. வலதின் வார் அறுந்து தொங்கியது. அதன் நுனியில் கறுப்பாக, பெடல் ரப்பரின் வரிவரியான தடம். அப்படியானால் பிரேக்கை மிதித்தபோது இதுதான் சிக்கியிருக்கிறது.

"நேத்து எதைப் போட்டுட்டுப் போனீங்க?"

"உனக்கு உன் தம்பிதான் பெருசு, இல்ல?"

மேலாளர் வந்தார். ஷூக்களை மேலாகப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், திருப்தியோடு தலையாட்டினார். தம்பியை இன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடப் போவதாகச் சொல்லிவிட்டு, பேருக்கு அவளிடமும் கேட்டார்.

"தினமும் இதைத்தானேம்மா போடுவார்?"

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்து, பழைய செருப்புகளை ஷூக்களின் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். ஷூக்களையும் கவிழ்த்தாள். மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவருடைய விரல் ஒவ்வொரு குதிகாலாகத் தடவிக்கொண்டே வந்து, கடைசியாக இருந்த வலது செருப்பின் ஓட்டையில் நின்றது. கணவன் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். வலது பாதத்தை மெல்ல இடது பாதத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.