வேக வரிசையில் ஒரு போன்

எதிர்மலை அலைபேசிக் கோபுரத்திலிருந்து வருகிற ஒரே இணைய இணைப்பைத்தான் சான் மெல்கோர் ஊர் முழுவதும் பங்கு போட்டுக்கொண்டது. கோபுரத்து ஒயரும் ஊருக்குள் போகும் ஒயரும் சேருகிற இடத்தில், ஊர் அலுவலகத்தில், ஒரு தகரப் பெட்டி உண்டு. பிரிட்ஜ், அதாவது பாலம் என்று பெயர். ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்ணைப் பார்த்து, இதை வேக வரிசையில் விடு, அதை மெது வரிசையில் நிறுத்து என்று அந்தப் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். சம்பளமில்லாத ஊர்ப்பணி. இந்த வருடம் அதை எலாதியோ தலையில் கட்டியிருந்தார்கள்.

போன வருடத் திருவிழாவின் நேரலை ஊர்வலத்தின் நடுவிலேயே நின்றுபோனது. நாட்டு எல்லைக்கு வடக்கே தோட்டங்களில் முதுகொடிந்து, பேண்டு வாத்தியத்துக்கும் வாணவேடிக்கைக்கும் காசு அனுப்பிய பிள்ளைகள் கண்டபடி ஏசினார்கள். ஊர்ச்சபைக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊர்வலம் தொடங்கிக் காளையாட்டம் முடியும்வரை வேக வரிசை நேரலைக்கு மட்டும்தான், மற்றவர்களுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும் என்று கைதூக்கி முடிவெடுத்தார்கள். அந்த நேரத்தில் யாருக்கு என்ன அவசரம் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அடக்கியிருப்பார்கள்.

திருவிழாவன்று காலை ஒதிலியா வந்தாள். எலாதியோவின் பெரியப்பா மகன் சிரிலோவின் மனைவி. சிரிலோ வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுக் கிடந்தான்.

"இன்னிக்குத் தாண்டாதுன்னுட்டாங்க தம்பி. சாயங்காலம் நர்ஸு போனைப் பிடிச்சுக் காட்டுறேன்னிருக்கா. மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"நாலு மணிக்குப் போடுங்க அண்ணி. நல்லா வரும்."

"சபையில வேற மாதிரில்ல சொன்னாங்க?"

"நான் பாத்துக்கிறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அவள் போன பிறகு அவளுடைய போன் எண்ணை வேக வரிசையில் சேர்த்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. விளக்கினால் பேச்சாகும், பேச்சானால் ஊர்த்தலைவர் மக்ளோவியோ தோலை உரித்துவிடுவார். சொல்லாமல் செய்வதே புத்திசாலித்தனம் என்று நினைத்தான்.

நாலு மணிக்கு ஊர்வலம் கோயிலைத் தாண்டியது. மக்ளோவியோ ஊர் அலுவலகத்தில் எலாதியோவின் பின்னாலேயே நின்று பிரிட்ஜின் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரலை தண்ணீர்போல ஓடியது. ஒதிலியாவின் போன் மட்டும் சும்மா இருந்தது. நர்ஸுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று எலாதியோ காத்திருந்தான்.

"எவனோ உறிஞ்சுறான் பாருடா," என்றார் மக்ளோவியோ.

மெது வரிசையில் ஒரு போன் முட்டி மோதிக்கொண்டிருந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

"ஏதோ வெட்டிப்பய பந்தாட்டம் பாக்கிறான். சாமி போவுது, இவனுக்குப் பந்து கேக்குது."

எலாதியோ அதை இன்னும் இறுக்கினான். அது விடவில்லை, திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் எரிச்சல் தாங்காமல் ஒரேயடியாக நெரித்துவிட்டான். சற்று நேரத்தில் அது ஓய்ந்தது. மக்ளோவியோ சிரித்துக்கொண்டே அவனுக்கு மெஸ்கால் சாராயம் ஊற்றினார்.

காளையாட்டம் முடியும் சமயத்தில் ஒதிலியா வாசலில் வந்து நின்றாள். கையில் ரோஸ் உறை போட்ட போன்.

"இது யாரோடது அண்ணி?"

"தங்கச்சி மகளோடது. என்னோடதுல கண்ணாடி கீறியிருக்குல்ல. அவரு முகத்துல வெட்டு விழுந்த மாதிரித் தெரியும். கடைசியாப் பாக்கிறது, முழுசாப் பாப்போமேன்னு இரவல் வாங்கினேன்."

எலாதியோ திரும்பித் திரையில் தான் நெரித்த எண்ணைப் பார்த்தான்.

"படம் வந்துச்சா?"

"நெத்தி வந்துச்சு. அதோட நின்னுபோச்சு. போட்டுப் போட்டுப் பாத்தேன். நீ என்ன பண்ணுவ, திருவிழா நாளு."

நெரித்தது தன் கைதான் என்று சொல்ல வாயெடுத்தான். வேறுதான் வந்தது.

"இப்பப் போடுங்க அண்ணி. எல்லாத்தையும் திறந்து விடறேன்."

"வேணாம் தம்பி. டெலிபோன் கடைக் கம்பி போனுக்கு நர்ஸு பேசிட்டா. முடிஞ்சிருச்சாம்."

அவள் போனை மடியில் செருகிக்கொண்டாள்.

"நான் வரலைன்னதும் ஊர்த் திருவிழாவைப் போடச் சொன்னாராம். கூட்டத்துல என்னையே தேடிக்கிட்டிருந்தாராம். நான் வீட்ல இந்தப் போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். படம் ஒரு தடவைகூட நிக்கலைன்னு நர்ஸு சொன்னா தம்பி."