417 அடித்த சாமான்கள்

மோசஸ் மில்லுக்குள் போய் இருபத்திரண்டு மாதமாகியும், வீட்டில் கட்டிலுக்குக் கீழே இருந்த அவருடைய சாமான் பெட்டி ஷிஃப்ட் நேரத்துக்குச் சரியாகச் சூடாகிக்கொண்டிருந்தது. முதல் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஆறு மணிக்குச் சூடேறி மதியம் இரண்டு மணிக்கு ஆறும். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் இரண்டுக்குத் தொடங்கிப் பத்துக்கு ஆறும். ஞாயிற்றுக்கிழமை பச்சைத் தண்ணீர் போலக் கிடக்கும். சுடுகிற சூடு இல்லை. எட்டு மணி நேரம் ஒருவர் பிடித்து வேலை செய்த ஸ்பானரை வாங்கிப் பார்த்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய அந்த லைன் வீடுகளில் யார் வீட்டிலாவது கடிகாரம் நின்றுபோனால், மோசஸின் மனைவி ரோசம்மாளிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மோசஸ் கம்பி உருட்டும் மில்லில் காண்டிராக்ட் ஃபிட்டர். டோக்கன் நம்பர் 417. காண்டிராக்ட் ஃபிட்டர்கள் தங்கள் சாமான்களைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். வெளியே வரும்போது கம்பெனிச் சாமான் என்று பிடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் டோக்கன் நம்பரை எண் அச்சு வைத்துச் சுத்தியால் அடித்துப் பதித்திருக்க வேண்டும். சாமான் இல்லாமல் வருகிற ஃபிட்டரை அரை நாள்கூட வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும், கிரீஸ் வைக்கிற வேலைதான், கையை வீசிக்கொண்டு வா என்று காண்டிராக்டர் சொன்னதால், மோசஸ் சட்டைப் பையில் மூக்குப்பொடி டப்பாவோடு இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனார். மூன்றேகால் மணிக்கு மில் இருபது நிமிடம் நின்றது. பிறகு ஓடியது. மறுநாள் ரோசம்மாள் போய்க் கேட்டபோது கேட் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்கள். 416 இருந்தது, 418 இருந்தது. நடுவில் ஒரு வரி காலியாக இருந்தது. பேனா அழுத்திய தடம்கூட இல்லை. அந்த ஆள் ஒரு வாரமாகவே வேலைக்கு வரவில்லை என்று காண்டிராக்டர் சொன்னார்.

“எவ கூடயாவது போயிருப்பாம்மா. நல்லா தேடிப் பாரு.”

“எவ கூட போனாலும் பொட்டி டைமுக்குச் சூடாவுதே, அது எப்டி?” என்று ரோசம்மாள் கேட்டாள். போலீசில் காணாமல் போனவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாவது வீட்டு ஜெபா மற்றவர்களுடைய பழைய சாமான்களைப் போனில் படம் போட்டு விற்றுத் தருகிறவள். நட்டு போல்ட்டு கம்பெனியில் ஒன்பது வருடம் மரைச் சுற்றுகளைச் சோதித்துக் கண் மங்கியதால் நிறுத்தப்பட்டவள். தன் கட்டிலைத் தானே விற்க வெட்கப்படுகிறவர்கள் ஜெபாவிடம் கொடுத்தார்கள். மிக்சி, தையல் மிஷின், துபாய்க்குப் போனவள் விட்டுப்போன கல்யாணப் புடவை, ஒருமுறை மீனோடு மீன் தொட்டி. ஜெபா குறையை மறைத்து எழுதியதே இல்லை. மீன் ஒன்றுக்கு ஒரு கண் தெரியாது என்பதைக்கூட எழுதியிருந்தாள். பொங்கல் முடிந்த வாரம் ரோசம்மாள் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

“இத்த வித்துக் குடு ஜெபா.”

“இன்னாத்துக்குக்கா? நாளைக்கி அண்ணன் வந்து எங்கன்னு கேட்டா?”

“இது இருக்கிறவரிக்கும் அவர உடமாட்டாங்கடி. ஞாயித்துக்கெழம தவுர ஒரு நாள் லீவு இல்ல, ஓட்டிக்கினே கீறானுங்க. சாமான் இல்லாத ஃபிட்டர இன்னா பண்ணுவாங்க? ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க இல்ல? அனுப்பட்டும்.”

ஜெபா யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சிப்காட்டில் வேலை பார்த்த யாருக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்கும்.

பெட்டியில் பதினொரு சாமான்கள் இருந்தன. ஸ்பானர்கள் ஆறு, சுத்தி, உளி, ரம்பச் சட்டம், பேரிங் கழற்றுகிற புல்லர், பதினெட்டு அங்குல பைப் ரெஞ்ச். ஜெபா அவற்றை நியூஸ் பேப்பர்மேல் வரிசையாக வைத்துப் படம் எடுத்து, ஒரே ஆள் பயன்படுத்தியது, துரு இல்லை, ஷிஃப்ட் நேரத்தில் சூடாக இருக்கும் என்று எழுதிப் போட்டாள். சூட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் நம்பரைத்தான் பார்த்தார்கள். கம்பெனிச் சரக்கா அக்கா என்று ஒருவர் கேட்டார். இது கேட்டு தாண்டி வந்ததா, செவுரு தாண்டி வந்ததா என்று இன்னொருவர் கேட்டுச் சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தார். இருபது நாளில் ஒரு உளிகூடப் போகவில்லை. கடைசியில் ஜெபாவுக்கே அந்த யோசனை வந்தது. ரோசம்மாளிடம் கேட்டாள், ரோசம்மாளும் செய் என்றாள். ரயில்வே கேட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் வரதனிடம் பெட்டியைக் கொண்டுபோய், எல்லாவற்றிலும் நம்பரைத் தேய்த்துவிடச் சொன்னாள்.

வரதன் முதல் ஸ்பானரைக் கிரைண்டரில் வைத்தான். பொறி பறந்து, 7 போய், 1 போய், 4-ம் போனதும் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு விரலை உதறினான். “இன்னாக்கா இது, கிரைண்டர்ல வெச்சா இரும்பு சூடாவணும். இது ஜில்லுனு ஆவுது!” பதினொன்றையும் அப்படியே தேய்த்து, கையில் துணி சுற்றிக்கொண்டு பெட்டியில் போட்டுத் தந்தான். அதற்கப்புறம் அவை எந்த ஷிஃப்டிலும் சூடாகவில்லை. ரோசம்மாள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, அவருக்கு வேலை குறைஞ்சிடுச்சு என்றாள். அன்று இரவு வெகு நாளைக்குப் பிறகு விடியும்வரை தூங்கினாள். ஜெபா சூட்டைப் பற்றிய வரியை எடுத்துவிட்டுப் படத்தை மறுபடியும் போட்டாள். இரண்டே மாதத்தில் எல்லாம் விற்றன. ஸ்பானர்களை வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் ஸ்டீபன் என்பவர் மொத்தமாக எழுநூறு ரூபாய்க்கு எடுத்தார். சுத்தி, உளி, ரம்பச் சட்டம் மூன்றும் வேப்பம்பட்டில் வீடு கட்டுகிற ஒருவருக்குப் போயின. புல்லர் ஆந்திராவுக்கு லாரியில் போனது. கடைசியாகப் பைப் ரெஞ்சைத் திருப்பாச்சூரில் நெல் பயிரிடும் சடையப்பன், பம்புசெட்டுக்கு வேண்டும் என்று வாங்கிப்போனார்.

அது போனதற்கு மறுநாள் திங்கட்கிழமை. பெட்டியின் பழைய கணக்குப்படி மோசஸுக்கு முதல் ஷிஃப்ட் வாரம். ரோசம்மாள் மீன் குழம்பு வைத்து மூடிவிட்டு, மோசஸின் வெள்ளைச் சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஜெபாவோடு மதியம் ஒன்றரைக்கே மில் வாசலில் போய் நின்றாள். அந்த மில்லில் காண்டிராக்ட் ஆட்கள் டோக்கன் வரிசைப்படி நின்றுதான் வெளியே வர வேண்டும். செக்யூரிட்டி ஜெரால்ட் ஒவ்வொருவரையும் தோளிலிருந்து கணுக்கால்வரை தடவிப் பார்த்து ரிஜிஸ்டரில் டிக் அடிப்பார். 416 வந்து போனார். ஜெரால்ட் பழக்கத்தில் அடுத்த ஆளுக்குக் கையை நீட்டினார். கை காற்றில் ஒரு தோள் அகலத்துக்கு நின்றது. மெதுவாகக் கீழே இறங்கியது, பக்கவாட்டில் தட்டியது, மறுபடி மேலே போனது. ஜெரால்ட் பதினாறு வருடமாக இந்த வேலையைச் செய்பவர். கண் சொல்வதைவிடக் கை சொல்வதை நம்புகிறவர். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டுச் சொன்னார்.

“அக்கா, ஒருத்தரு வந்து நிக்கிறாரு. தடவினா சட்ட கீது, நெஞ்சு கீது, பையில பொடி டப்பா கீது. டோக்கன் கேட்டா ஒண்ணியும் இல்ல.”

“அவருதான். உடு நைனா.”

“நம்பரு இல்லாத ஆள எந்த வரில எழுதி வெளிய உடறது? எம் பொழப்பு போயிடும்கா. முந்தி எல்லாம் இவரு கேட்டாண்ட வந்ததே இல்ல. இன்னிக்கிதான் வந்து நிக்கிறாரு.”

கணக்கில் பாதி சரியாகவே வந்திருந்தது. சாமான் போனதும் மில் அவரை வேலையிலிருந்து விட்டுவிட்டது. ஆனால் அவருடைய நம்பர் கிரைண்டரில் தூளாகிப் போயிருந்ததால் கேட் விடவில்லை. ஜெபா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தேய்க்கச் சொன்னது அவள். ரோசம்மாள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எழுந்திருப்பாள். ரோசம்மாள் பையிலிருந்த சட்டையைக் கம்பிக்குள் நீட்டினாள். ஜெரால்ட் வாங்கி அந்தத் தோள் அகலத்தில் வைத்தார். சட்டை கீழே விழுந்தது.

ஒரு சாமானாவது திரும்பி வந்தால் நம்பரை மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்று ஜெபா தன் போனிலிருந்த பழைய பேச்சுகளைத் தேடி எடுத்து ஒவ்வொருவராகப் பார்க்கப் போனாள். வள்ளூரில் ஸ்டீபன் ஆறு ஸ்பானரிலும் தன் நம்பரை அடித்திருந்தார். இப்போது அவை அவருடைய ஷிஃப்டில் சூடாகின. அதில் அவருக்கு எந்தப் புகாரும் இல்லை. வேப்பம்பட்டில் வீடு முடிந்திருந்தது, சாமான் எங்கே என்று தெரியவில்லை. ஆந்திரா நம்பரில் யாரும் எடுக்கவில்லை. திருப்பாச்சூரில் சடையப்பன் மட்டும் களத்துமேட்டிலிருந்து எழுந்து வந்து ரெஞ்சைத் தூக்கிப் போட்டார்.

“எட்துக்கினு போ தாயே. சித்திர வெயில்ல பம்புசெட்டுகிட்ட போட்டாலும் ஐஸ் மாதிரி கீது. மோட்டார் ரிப்பேர்காரன் தொடமாட்டேங்கிறான்.”

“நீங்க நம்பரு எதுனா அடிச்சீங்களா ஐயா?”

“எங்க ஊட்ல எதுக்கு நம்பரு? எங்களுது எங்களுதுன்னு ஊருக்கே தெரியும். நம்பரெல்லாம் உங்கள மாதிரி கம்பெனிக்குப் போறவங்களுக்கு.”

ஜெபா காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரெஞ்சைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அதன் சில்லிப்பில் வயிறு மரத்துப்போனது. வரதன் பழைய தழும்புமேலேயே 417 என்று மூன்று அடியில் அடித்துத் தந்தான். காசு வாங்கவில்லை. அது மோசஸுக்கு மூன்றாம் ஷிஃப்ட் வாரம். இரவு பத்து மணிக்கு ரெஞ்ச் சூடேற வேண்டும் என்று ரோசம்மாளும் ஜெபாவும் அதைக் கட்டிலில் வைத்துக் காத்திருந்தார்கள். பத்து மணிக்கு அது சில்லென்றே இருந்தது. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, யாரும் எதிர்பார்க்காதபோது, நன்றாகச் சூடேறியது. ரோசம்மாள் ஒரே ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். “இது அவரு சூடு இல்ல” என்றாள்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. காலியாகக் கிடந்த 417-ஐ ஆபீசில் பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்த தணிகைவேல் என்ற புது ஃபிட்டருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவனுக்கு அது இரண்டாம் ஷிஃப்ட் வாரம். தணிகைவேலே ஞாயிற்றுக்கிழமை மனைவி ஜோதிலட்சுமியோடு ரோசம்மாளைப் பார்க்க வந்தான். அவள் ஏழு மாத வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் உட்காரவில்லை. டெய்லி கேட்டு வரைக்கும் எம் பின்னாடி ஒருத்தரு வராருக்கா, பொடி வாசன அடிக்கிது, என்றான். அடுத்த வாரம் தனக்கு முதல் ஷிஃப்ட் என்றும், ஒரு நாள் மட்டும், தானே உள்ளே நின்றுகொண்டு அண்ணனை அந்த நம்பரில் வெளியே அனுப்பிவிடுவதாகவும், மறுநாள் தான் வந்துவிடுவதாகவும் சொன்னான். அதைச் சொல்வதற்கு அவனுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ஆறு நாள் முதுகில் அந்த மூச்சைச் சுமந்திருந்தான், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மதியம் நான்கு பேரும் கேட்டில் இருந்தார்கள். ரோசம்மாள், ஜெபா, ஜோதிலட்சுமி வெளியே, தணிகைவேல் உள்ளே. ஜெரால்ட் முதலில் ஒரு தோளைத் தடவினார், பிறகு பக்கத்தில் இன்னொரு தோளைத் தடவினார். ஒரு நம்பருக்கு ஓர் ஆள்தான் வெளியே போகலாம், யார் போனாலும் தனக்குச் சரி என்றார். ஜெபா கேட்டாள், “நாளைக்கி இவரு வரும்போது எந்த நம்பர்ல உடுவீங்க?” ஜெரால்ட் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். வரிகளெல்லாம் நிரம்பியிருந்தன. வெளியே ஜோதிலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு புருஷனுடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வாசற்படிக் கோட்டுக்கு உள்ளே இருந்தது. ரோசம்மாள் அவளுடைய கையைப் பார்த்தாள். தானும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு முழுக்க, பிறகு புதன்கிழமை பகல் முழுக்க, அதே கம்பியை அதே உயரத்தில் பிடித்திருந்தது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருந்தது.

“நீ வா நைனா. ஊட்டுக்குப் போ” என்றாள்.

தணிகைவேல் தயங்கினான். “அண்ணனுக்கு?”

“அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். வா. அந்தப் பொண்ணு நின்னுக்கினே கீது பாரு.”

417 வெளியே வந்தது. ஜெரால்ட் டிக் அடித்தார். பிறகு ரோசம்மாள் கம்பியருகே போய், பொடி வாசனை வருகிற பக்கமாக முகத்தை வைத்து, சிறிது நேரம் தாழ்ந்த குரலில் பேசினாள். இரண்டு முறை சண்டை பிடிப்பது போல் இருந்தது. ஒரு முறை சிரித்தாள். என்ன பேசினாள் என்று ஜெபாவிடம்கூடச் சொல்லவில்லை. ரெஞ்சை, அதில் இருப்பது அவனுடைய நம்பர்தான் என்று, தணிகைவேலிடம் கொடுத்துவிட்டாள்.

தணிகைவேலுக்குப் பெண் குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கிவிட்டது. காண்டிராக்டர் மாறிவிட்டார். மில்லுக்கும் பெயர் மாறிவிட்டது. காண்டிராக்ட் வரிசையில் 417-க்கும் 418-க்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் விடுவது புதிதாக வருகிறவர்களுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்படுகிறது. பாதுகாப்பு ஹெல்மெட் போடச் சொல்வது போலத்தான் சொல்கிறார்கள். ஜெபா இப்போதும் மற்றவர்கள் சாமானை விற்றுத் தருகிறாள். நம்பர் இருந்தால் நம்பரோடுதான் படம் போடுகிறாள். விற்காவிட்டால் கிடக்கட்டும் என்கிறாள். டிபன் பாக்சுக்கு மில்லில் நம்பர் தேவையில்லை என்பதால், ரோசம்மாள் தணிகைவேலிடம் அவனுடையதோடு மோசஸுக்காக இன்னொன்றைக் கொடுத்தனுப்புகிறாள். ஷிஃப்ட் முடிந்து அது காலியாக, கழுவித் துடைத்து வருகிறது. வீட்டில் இருந்தவரை மோசஸ் ஒரு தட்டைக் கழுவியதில்லை. சனிக்கிழமைகளில் அதற்குள் மோசஸின் பொடி டப்பா வெறுமையாக இருக்கும். அவள் அதை நிரப்பித் திங்கட்கிழமை சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.