நூற்றிருபது பனை உயரத்தில் ஆறு மா

பனையடிமங்கலத்தில் மருதையனுக்குச் சர்க்கார் கொடுத்த இரண்டு ஏக்கர், ஊர்க் கணக்கில் ஆறு மா நிலம், அவன் மண்டை உடைந்த மறுநாள் காலையில் ஒரு பனை உயரம் மேலே ஏறியிருந்தது. அது 1971ஆம் வருஷம், ஆவணி மாதம். திருவாரூரிலிருந்து மாயவரம் போகும் முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் அதை முதலில் பார்த்தார். நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே, வெட்டி நிறுத்திய வெல்லக்கட்டி மாதிரி செங்குத்தாக ஒரு மண் தூண், அதன் உச்சியில் பச்சை நாற்று. எட்டு மணிக்கு அவர் மாயவரத்தில் இருந்தாக வேண்டும் என்பதால் விசில் கொடுத்து வண்டியை எடுக்கச் சொன்னார்.

அந்த நிலம் துரைராசு மிராசுதாருடையதாக இருந்தது. இருபத்திரண்டு வேலிக்கு, அதாவது நூற்றைம்பது ஏக்கருக்குக் கிட்ட, சொந்தக்காரர். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது வீட்டுப் பூனைக்குக்கூட நிலம் எழுதிவைத்தார் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்; அது மிகை, நாய்க்குத்தான் எழுதிவைத்தார். சர்க்காருக்குக் காட்ட ஏதாவது கொடுத்தாக வேண்டுமே என்று, வெள்ளம் மணலடித்துப் போட்டுக் கோரை மண்டிக் கிடந்த ஆறு மாவைக் கழித்துவிட்டார். அது அவருடைய பண்ணையாளாக இருந்த மருதையன் பேருக்கு வந்தது. அவனும் அவன் மனைவி அம்சமும் ஐந்து மாதம் மணலைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டி, கோரையைக் கிழங்கோடு பிடுங்கி, அடியில் கிடந்த பழைய வண்டலைக் கண்டுபிடித்தார்கள். வண்டல் தெரிந்த அன்றைக்கே துரைராசுவுக்கு நிலம் திரும்ப வேண்டுமென்று ஆகிவிட்டது. மருதையன் கையில் இருந்தது ஒப்படைப்பு உத்தரவு என்ற ஒற்றைத் தாள்தான். பட்டா பிறகு வரும் என்றார்கள். பட்டா கைக்கு வரும்வரை நிலத்தை விட்டுக் காலை எடுக்கக் கூடாது என்பது அம்சத்தின் பிடிவாதம். காலை எடுத்தால் துரைராசு ஒரு போகம் உழுது விதைத்து, அனுபோகம் என்னுடையது என்று எழுதி வாங்கிவிடுவார். அப்படி எழுதி வாங்கியதைப் பண்ணையாட்கள் தெருவே பார்த்திருக்கிறது.

நடவன்று துரைராசுவின் காரியக்காரர் பஞ்சநதம் ஆறு பேரோடு வந்தார். நட்டுக்கொண்டிருந்த பெண்களை மயிரைப் பிடித்து வரப்பில் இழுத்துப் போட்டார்கள். குறுக்கே விழுந்த மருதையன் மண்டையில் தடி இறங்கியது. ரத்தம் சேற்றில் விழுந்தது, மண் ஏறியது. அடுத்தடுத்த வாரங்களில் ஊருக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. பல் போனால் ஒரு சாண், கை முறிந்து எலும்பு வெளியே வந்தால் ஓர் ஆள் உயரம், மண்டைக்கு ஒரு பனை. காவலுக்குத் தெருவே முறை வைத்து மேலே போயிற்று. மண் தூணில் படி வெட்டினார்கள். அடிபடப் போகிறவர்களும் அடிக்கப் போகிறவர்களும் அதே படியில்தான் ஏறினார்கள். பாதி வழியில் பெண்களிடம் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மேலே போய் அந்தப் பெண்களின் புருஷன்மாரை அடித்தவர்களும் உண்டு.

நிலம் இப்படி ஏறுவதைப் பார்த்துப் பஞ்சநதம் பயந்தார். துரைராசு பயப்படவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"தண்ணி ஏறாத மண்ணு செத்த மண்ணுய்யா. நல்லா அடிங்க. காஞ்சுபோயி அவனுங்களே எறங்கி வந்துடுவானுங்க."

இது ஆற்றுப்பாசனத்துக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. மதகுச் சாவி எவன் இடுப்பில் தொங்குகிறதோ அவனே விளைச்சலுக்கு எஜமான் என்று பிறந்ததிலிருந்து நம்பிய மனிதர். வாய்க்கால் தண்ணீர் இல்லாமலும் உலகத்தில் பயிர் உண்டு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பார். ஆகவே இரண்டு வருஷம் வாரம் தவறாமல் ஆள் அனுப்பினார். நல்லக்கண்ணு என்பவனுக்கு ஒரு கண் போயிற்று. ரெத்தினம் என்ற பெண்ணை வயிற்றில் மிதித்தார்கள். ஏழு மாதக் குழந்தை அங்கேயே கலைந்தது, அன்று நிலம் மூன்று பனை ஏறியது. மிதித்தவன் பிற்பாடு பஞ்சாயத்தில் உறுப்பினராகி நல்ல சாவு செத்தான் என்பதையும் எழுதியாக வேண்டும்.

1973இல் நிலம் நூற்றிருபது பனை உயரத்தில் நின்றது. அங்கே ஐப்பசி அடைமழை பெய்யவில்லை. மேகம் நிலத்துக்குக் கீழே கூடி, துரைராசுவின் வயலில் கொட்டிவிட்டுப் போயிற்று. மேலே பகலில் கண்ணைப் பறிக்கிற வெயில், பொழுது சாய்ந்தால் பல்லைக் கிட்டவைக்கிற குளிர். வண்டல் வெடித்துப் பொடியாகி, காற்றில் பறந்து, கடைசியில் பரல் கல்லும் மணலும் மிஞ்சியது. தஞ்சாவூர் ஜில்லாவுக்குள், கடலிலிருந்து ஒரு நாள் நடை தூரத்தில், மலை உச்சிப் பாலைவனம் ஒன்று உண்டாகிவிட்டது. மருதையன் இரண்டு போகம் நெல்லை நட்டுப் பார்த்து, இரண்டு போகமும் கருகியபின் உட்கார்ந்து அழுதான். அம்சம் அழவில்லை. அவள் சின்ன வயதில் காரைக்காலில் ஒரு பிரெஞ்சுக்கார டாக்டர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். அந்த டாக்டர் கொல்லையில் பந்தல் போட்டுத் திராட்சை வைத்து, வருஷத்துக்கு ஒரு பீப்பாய் ஒயின் போட்டு, வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் துப்புவார். இந்த ஊர் வெக்கைக்கு இது சரிப்படாது, உயரம் வேண்டும், குளிர் வேண்டும், மழையே இருக்கக் கூடாது என்று வேலைக்காரர்களிடம் குறைப்பட்டுக்கொள்வார். வேலைக்காரர்களில் அம்சம் ஒருத்திதான் அதைக் காதில் வாங்கியிருந்தாள்.

அவள் கீழே இறங்கி, காரைக்காலுக்குப் போனாள். டாக்டர் வீட்டை அப்போது ஜன்னத் பீவி என்ற அம்மாள் வாங்கியிருந்தார். கொல்லையில் கொடி இன்னும் இருந்தது. நோன்பு திறக்கப் பழம் ஆகிறது என்று வெட்டாமல் விட்டிருந்தார். அம்சம் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். ஜன்னத் பீவி கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார்.

"நீ அதப் போட்டு என்ன காய்ச்சுவியோ, அது ஒனக்கும் அல்லாவுக்கும். எங்கிட்ட சொல்லாத. குச்சிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போ," என்றார்.

நாற்பது குச்சி. எட்டு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் கயிற்றில் ஏறியது, குச்சிக்கு ஒரு கொட்டாங்கச்சி. மூன்றாம் வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. தோல் தடித்து, கறுத்து, வாயில் போட்டால் தாடை கூசுகிற பழம். மிதிக்கத் தெரு ஜனத்துக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தழையுரத்துக்குக் கொழிஞ்சியையும் ஆவாரந்தழையையும் சேற்றில் போட்டுக் காலால் மிதித்து அமுக்கியே வளர்ந்தவர்கள். மாட்டுத் தொட்டியில் பழத்தைக் கொட்டி, தோளோடு தோள் கைகோர்த்து, குதிகாலால் அழுத்தாமல் முன்பாதத்தால் உருட்டி மிதித்தார்கள். கொட்டை நசுங்கினால் கசக்கும் என்று அம்சம் வரிசைக்கு முன்னால் நின்று அதட்டினாள். நெல் வைக்கிற குதிர்களை மேலே ஏற்றி, சாற்றை ஊற்றி, வாயைக் களிமண்ணால் பூசினார்கள். குளிரில் குதிர்கள் இரண்டு மாதம் முனகின. திறந்தபோது வந்த வாசனைக்குக் கீழே துரைராசுவின் மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கின.

காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற கிழவர்கள் அதைக் குடித்துவிட்டு எழுந்து நின்று சல்யூட் வைத்தார்கள். குடித்தவர்களுக்கு மறுநாள் மண்டையில் அடிபட்டது போல வலித்தது என்று சொல்வார்கள். அது எந்தச் சரக்குக்கும் உள்ளதுதான். அதற்குள், திறந்த சாராயக் கடைகளைச் சர்க்கார் மறுபடி மூடியிருந்ததால் மதுவிலக்குப் போலீஸ் படியேறி வந்தது. எழுபதாவது பனைக்கு மேல் அவர்களுக்கு மூச்சு முட்டியது, மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, அதற்கும் நிலம் இரண்டு முழம் ஏறியது. மகஜரில் அவர்கள், மேற்படி இடம் எந்த ஸ்டேஷன் எல்லைக்குள் வருகிறது என்று விளங்கவில்லை என எழுதிவிட்டுப் போனார்கள்.

ஆட்சி மாறிய பிறகு, 1978 மாசியில், துரைராசு கோர்ட்டுக்குப் போனார். நான் கொடுத்தது தரைமட்டத்தில் ஆறு மா, அதற்கு மேலே நிற்பது அத்தனையும் என் ஆட்கள் பாடுபட்டு ஏற்றியது, ஆகவே அது என் சொத்து என்பது அவர் வாதம். வக்கீல் அதைச் சிரிக்காமல் படித்தார். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் துரைராசுவுக்குப் பொறுமையில்லை. அந்தத் தூணின் நிழல் மத்தியானம்வரை அவர் வயலில் விழுந்து நெல்லை முற்றவிடாமல் பாலிலேயே நிறுத்திக்கொண்டிருந்தது; அதைவிட, தன் பண்ணையாள் தனக்கு மேலே மேகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பு அவரைத் தூங்கவிடவில்லை. நாற்பது ஆட்களோடும் பஞ்சநதத்தோடும் அவரே படியேறினார். பழம் பறித்துத் தொட்டியருகே குவித்திருந்த காலை அது, மறுநாள் மிதிப்பதாக இருந்தது.

ஏறிய நாற்பதில் பாதிப் பேர் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். மூக்குகளில் ரத்தம் ஒழுகத் தொடங்க, நிலம் குலுங்கிக் குலுங்கி ஏறியது. "மூக்கப் பொத்துங்கடா! பொத்துங்கடா!" என்று துரைராசு கத்தினார். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் அரிவாள் வீசினால் வெட்டு நேராக விழாது; ஆகவே காதுகளும் விரல்களும்தான் அதிகம் போயின. தெரு ஜனம் அந்தக் காற்றுக்குப் பழகியவர்கள், மண்வெட்டியும் கொடி வெட்டும் கத்தியும் வைத்திருந்தார்கள். மணல் சிவந்து கட்டி கட்டியாக உருண்டது. மருதையன் கொடியை வெட்டப் போனவனைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளியபோது, பஞ்சநதம் பின்னாலிருந்து மருதையன் கழுத்தில் அரிவாளை இறக்கினார். ஒரே வெட்டு. நிலம் அப்போது ஏறிய வேகத்தில் நின்றவர்கள் எல்லாம் முழங்காலில் விழுந்தார்கள், படிகள் நொறுங்கிச் சரிந்தன, இலைகளில் உறைபனி பிடித்தது.

அம்சம் பஞ்சநதத்தை வேட்டியைப் பிடித்து விளிம்புவரை இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள். அவர் அவளைவிட இரண்டு பங்கு கனம். யாரும் தடுக்கவில்லை, அவர் ஆட்களும் தடுக்கவில்லை. அவர் காலையில் விழ ஆரம்பித்து மறுநாள் மத்தியானம்தான் தரையைத் தொட்டார். வழியெல்லாம் வீட்டு விஷயம் சொல்லிக்கொண்டே வந்தார்: எந்த மாடு சினை, எந்தப் பெட்டியில் பத்திரம். நேரம் இருந்ததால் அவர் மனைவி ஞானாம்பாள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பி, பாடை கட்டி, துரைராசு வீட்டுக் களத்தில் வைக்கோல் பரப்பிக் காத்திருந்தாள். வைக்கோலால் பிரயோஜனம் இல்லை.

மேலே மருதையனைக் கொடிகளின் இரண்டு வரிசைக்கு நடுவே புதைத்தார்கள். துரைராசு தொட்டி ஓரம் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண் நல்லக்கண்ணு மண்வெட்டியோடு வந்தான்.

"இந்தாளையும் தள்ளிவுடு அம்சம். நீ தள்ளலேன்னா நான் தள்றேன்."

அம்சம் பழக்குவியலைப் பார்த்தாள். ஒரு நாள் தள்ளினால் அழுகிவிடும்.

"வேண்டாம். மிதிக்க ஒரு ஆளு கொறையுது," என்றாள். பிறகு துரைராசுவிடம், எப்போதும் பேசுகிற மரியாதை குறையாமல், "எறங்குங்க அய்யா," என்றாள்.

அவர் தொட்டியில் இறங்கினார். மருதையன் நிற்கிற இடத்தில், ரெத்தினத்துக்கும் நல்லக்கண்ணுக்கும் நடுவே தோள் கோத்து நின்றார். வாழ்நாளில் சேறு படாத பாதம். குதிகாலால் மிதித்தார், அதட்டு வாங்கினார், அழுதுகொண்டே முன்பாதத்தால் மிதித்தார். அவர் ஆட்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்கிவிட்டார்கள். அவரை இறக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் கழுத்தருகே ஒரு கத்தி நின்றது. பிறகு கத்தியை எடுத்துவிட்டார்கள், அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவர் மனைவி கமலாம்பாள் மாதாமாதம் கூடையில் வெற்றிலை ஏற்றியனுப்பினாள். நான்காம் வருஷத்திலிருந்து வெற்றிலையைக் குறைத்து, போர்வை அனுப்பினாள். அங்கே அதற்குப் பிறகு யாருடைய ரத்தமும் சிந்தவில்லை. ஆனால் ஏறிய மண் ஒரு சாண்கூட இறங்கவும் இல்லை.

பட்டா 1986இல் வந்தது. புதிதாக மாற்றலாகி வந்த தாசில்தார், தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, கூடையில் உட்கார்ந்து மேலே வந்தார். நான்கு மூலைக்கும் சங்கிலி பிடித்து அளந்தார். நீளம் சரி, அகலம் சரி. மனுதாரர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். அம்சம் அப்போதுதான் தொட்டியிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"எனக்கு இந்த ஒசரம் வேண்டாங்க சார். கீழ ஆறு மா சேறும், எங்க வூட்டு மனுசனும் இருந்தாப் போதும். அதுக்கு எதுனா வழி இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

தாசில்தார் உண்மையிலேயே படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கான கட்டம் எங்கும் இல்லை. நஞ்செய் என்றிருந்ததை அடித்துப் புன்செய் என்று எழுதி, ரேகை வைக்கச் சொன்னார். மைப்பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கட்டைவிரல் திராட்சைச் சாற்றில் ஊறிக் கறுத்திருந்தது, அதையே அழுத்தி வாங்கிக்கொண்டு, பனி விழுவதற்குள் கூடையில் ஏறி இறங்கிப் போனார்.