செவ்வாய்க்கிழமை இடது முழங்கால்

இங்கே எழுதுவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று சத்தியம் செய்கிறேன். வலது கையை பைபிள் மேல் வைத்தே செய்கிறேன். என்னுடைய பைபிள் இருபது வருடமாக அடுப்பின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பதால், தர்லோவிடம் போய் ஒன்று இரவல் கேட்டேன்.

"உனக்கு எதுக்கு?" என்றான்.

"சத்தியம் பண்ண."

"அப்போ கையுறை போட்டுக்கோ. அட்டை கருகிடப் போகுது."

தர்லோ எனக்கு அறுபது வருட நண்பன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் எங்கள் பெர்ரிமன் கோவ் ஊரில் சிங்கி இறால் பிடித்து ஓய்ந்தவன். நான் எல்பிரிட்ஜ். எதிலும் ஓயாதவன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. அது சர்ச்சில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றுவதற்குச் சமம். 'எப்படி இருக்கே?' என்று யார் கேட்டாலும், 'குறை சொல்ல ஒண்ணுமில்ல' என்பதுதான் பதில். இறால் கூண்டை இழுக்கும் எந்திரத்தில் தர்லோ கட்டைவிரலைக் கொடுத்துவிட்டு வந்த நாளிலும் அதைத்தான் சொன்னான். விரல் மறு கையில் இருந்தது. எலிஜா பன்க்கர் இறந்து மூன்று நாள் கழித்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பாதிரியார் தலையிட்டுத்தான் அடக்கம் நடந்தது.

அதனால், மருத்துவமனைக்குப் புதிதாக வந்த டாக்டர் ரீட், இவ்வளவு ஆரோக்கியமான ஊரை உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஊரில் குறைவில்லாமல் இருந்தது மான் உண்ணி. கசகசா அளவுதான் இருக்கும். ஜூன் மாதம் புல்லில் உட்கார்ந்து எழுந்தால், எழுந்தது நீங்களா உண்ணிகளா என்று வீட்டில் இருப்பவர்கள் உற்றுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடித்தால் சாமணத்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு விறகு பிளக்கப் போய்விடுவோம். நான் மட்டும் எண்பத்தாறாம் வருடத்திலிருந்து பேண்ட் நுனியைக் காலுறைக்குள் செருகியே வாழ்கிறேன், தூங்கும்போதும். பதின்மூன்று கினிக்கோழிகளும் வளர்க்கிறேன். வீட்டைச் சுற்றி உண்ணி பொறுக்குவது அவற்றின் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் முக்கில்தான் ஸ்கூல் பஸ் திரும்பும். இருபத்திரண்டு வருடமாக அதை ஓட்டுகிறவள் டெல்ஃபின் மிஷோ. மதியம் பிள்ளைகளை இறக்கிவிட்டு அங்கேயே நிறுத்தி, இறங்கிச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள். அந்தச் சக்கரங்களை அவள் தட்டுவது, மாடு வாங்க வந்தவர் மாட்டைத் தட்டுவது போல இருக்கும். நான் டீயை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். என் வயதில் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது.

அந்த வருடம் கோடை முடிவில் அவள் இறங்குகிற விதம் மாறியது; ஒரு நாள் ஒரு காலை இழுத்தாள், இன்னொரு நாள் மறு காலை. சக்கரம் தட்டுவது நின்றது. கழுத்தில் சுற்றும் துணி கன்னம் வரை ஏறியது. பல் வைத்தியர் வேலை என்றாள். எங்கள் பல் வைத்தியர் அப்போது ஃபுளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அக்டோபரில் ஒரு காலை, பதினான்கு பிள்ளைகளோடு பஸ் அந்த முக்கில் நின்றது. பத்து நிமிடம் அப்படியே நின்றது. கடைசியில் முன்சீட்டில் இருந்த சிறுமி எழுந்துபோய் இடது பக்கம் கையைக் காட்டினாள். பஸ் இடது பக்கம் திரும்பியது.

ஊர் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது: டெல்ஃபின் குடிக்கிறாள். பள்ளிக் குழு வரும் திங்கட்கிழமை கூடி பஸ்ஸைப் பிடுங்கப் போகிறது என்றும், கடிதம் தட்டச்சாகித் தயாராக இருக்கிறது என்றும் தர்லோ சொன்னான்.

நான் சாலையைக் கடந்து போய்க் கேட்டேன். "டெல்ஃபின், உடம்புக்கு என்னம்மா?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள், பாதி வாயால்.

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் விவசாயிகள் சங்கத்தின் கிரேஞ்ச் மண்டபத்தில் வருடாந்திரப் பொய்ப் போட்டி. ஐந்து மணிக்கு வெல்லப்பாகில் வெந்த பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் விருந்து, ஆறு மணிக்குப் பொய். சிறந்த பொய்க்குப் பரிசு, பொன்வண்ணம் பூசிய சாணி வாரி ஒன்று. ஏழு வருடமாக அது என் வீட்டில்தான் இருக்கிறது. போன வருடம் வென்றது என் பூசணிக்காய்க் கதை. சர்ச் கூரை ஒழுகியபோது இரண்டு ஞாயிறு பிரார்த்தனை என் பூசணிக்காய்க்குள் நடந்தது. அதுவும் உண்மை. நான் பொய்ப் போட்டியில் சொன்னதால் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

தர்லோதான் தலைவர். மரச்சுத்தியலால் மேசையைத் தட்டி, "அடுத்து எல்பிரிட்ஜ். பொய் மழை வருது, முன்வரிசைல இருக்கறவங்க குடையை விரிச்சுக்கலாம்" என்றான்.

மேடை ஏறினேன். டெல்ஃபின் கடைசி வரிசையில் துணி சுற்றிய கன்னத்தோடு இருந்தாள். புது டாக்டர் பீன்ஸ் பானைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்.

"என்னை ஒரு உண்ணி கடிச்சுடுச்சு" என்று ஆரம்பித்தேன். "காலுறை வழியா வர முடியாதுன்னு தெரிஞ்சு புகைக்கூண்டு வழியா இறங்கிச்சு. உண்ணி கடிச்சா வழக்கமா வர்ற வட்டச் சிவப்புத் தடிப்பு எதுவும் விடல. வந்த வேலைய முடிச்சிட்டு, வந்த வழியே போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை இடது முழங்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிச்சு. வியாழக்கிழமை பார்த்தா இடது வத்திப் போச்சு, வலது வீங்கிக் கிடக்கு. நடுவுல புதன்கிழமை அந்த வீக்கம் எங்க தங்குச்சுன்னு தெரியல. தபால்காரர் வீட்டுலன்னு நினைக்கிறேன்."

மண்டபம் குலுங்கியது. தபால்காரர் எழுந்து வணக்கம் சொன்னார்.

"அப்புறம் பாதி முகம் வேலைநிறுத்தம் பண்ணிடுச்சு. சிரிச்சா வலது பக்கம் இன்னிக்கு வரும், இடது பக்கம் நாளைக்கு வரும். ராத்திரி அந்தக் கண்ண விரலால இழுத்து மூடிட்டுத்தான் படுப்பேன். ஒருநாள் என் தபால் பெட்டிக்குப் போற வழியே மறந்துபோச்சு. வாசல்லேருந்து பதினாறு அடி. நடுவுல நின்னு கினிக்கோழிங்ககிட்ட வழி கேட்டேன். ஞாயித்துக்கிழமைங்கறதால சொல்லல."

சிரிப்பில் யாரோ பீன்ஸ் தட்டைக் கவிழ்த்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் டெல்ஃபின் எழுந்து நின்றாள்.

"எல்பிரிட்ஜ், எந்த முழங்கால் முதல்ல?"

"இடது."

"செவ்வாய்க்கிழமையா?"

"செவ்வாய்க்கிழமை."

அவளும் போட்டியில் சேர்ந்துகொண்டாள் என்று நினைத்து ஊர் இன்னும் பலமாகச் சிரித்தது. அவள் கழுத்துத் துணியை மெதுவாக அவிழ்த்தாள். இடது கன்னம் ஈரத்துணி போலத் தொங்கியது. சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி வரிசை வரிசையாக அடங்கியது.

"எனக்கும் செவ்வாய்தான்" என்றாள். "கண்ண நானும் விரலாலதான் மூடறேன். அன்னிக்கு பஸ்ல பதினாலு பிள்ளைங்க உட்கார்ந்திருக்காங்க. இடமா வலமான்னு தெரியல. இருபத்திரண்டு வருஷமாத் திரும்பற திருப்பம். நான் குடிக்கல. குடிச்சிருந்தாத் தேவலையேன்னு தோணுச்சு. காரணமாச்சும் தெரிஞ்சிருக்கும்."

தர்லோ சுத்தியலைத் தூக்கினான். "போட்டி விதிப்படி ஒரு நேரத்துல ஒரு பொய்தான்" என்றான். சுத்தியல் மேசைக்கு வரவில்லை. கையிலேயே நின்றது. "ஆகஸ்ட்ல நான் படகுல மூணு தடவ விழுந்தேன். தளம் ஈரம்னு வீட்டுல சொன்னேன். தளம் ஈரமா இல்ல. நெஞ்சு நின்னு நின்னு அடிச்சுது. இப்பவும் படியேறினா அப்படித்தான் அடிக்குது."

அவன் மனைவி திரும்பி அவனைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். தர்லோ இன்னும் அந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

பிறகு தபால்காரர் கையைத் தூக்கினார். அடுத்து ஞாயிறு பள்ளி ஆசிரியை. அதற்கடுத்து, மூன்று வருடமாக 'சோம்பேறி' என்று நாங்கள் அழைத்த தச்சன். ஒருவர் சொன்னதில் ஒரு துண்டு அடுத்தவர் உடம்பிலும் இருந்தது. எங்கள் ஊர் வரலாற்றில் முதல்முறையாகக் குறை சொல்ல எல்லாரிடமும் ஏதோ இருந்தது.

டாக்டர் ரீட் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத் துடைப்பான்களில் எழுதிக்கொண்டே வந்தார். டெல்ஃபினிடம் வந்து நின்றார்.

"ஆகஸ்ட்ல என்கிட்ட வந்தப்போ தூக்கம் சரியில்லன்னு மட்டும்தானே சொன்னீங்க?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டீங்க. அதுக்கு வேற என்ன சொல்றது, டாக்டர்?"

"வட்டமாத் தடிப்பு இருந்துச்சான்னும் கேட்டேன்."

"இல்லன்னேன். இல்லதானே?"

"உண்ணியால வர்ற லைம் நோய், தடிப்பு இல்லாமலும் வரும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீங்க இல்லன்னதும் காகிதத்த மூடிட்டேன். தப்பு என்னோடது." அவர் காது வரை சிவந்திருந்தார். பிறகு தர்லோவின் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்ச நேரம் எண்ணினார். "நீங்க இப்பவே என்கூட கார்ல வரணும்."

"பீன்ஸ் இன்னும் முடிக்கல."

"தட்டோட வாங்க."

தட்டோடுதான் போனான். பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நாள் ஒயர்களோடு படுத்திருந்தான். தட்டை இன்னும் மண்டபத்துக்குத் திருப்பித் தரவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக் குழு கூடியபோது டெல்ஃபின் துணி சுற்றாமல் போனாள். சனிக்கிழமை சொன்னதை அப்படியே மறுபடி சொன்னாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசினார். தட்டச்சான கடிதம் மேசையில் குப்புறக் கிடந்தது. குழுத் தலைவர் அதைத் திருப்பவே இல்லை. குணமாகும் வரை வேறொருவர் ஓட்டட்டும், சீட் டெல்ஃபினுடையது என்று எழுதிக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனையும் டாக்டர் நினைத்ததையே சொன்னது. சில வாரம் மாத்திரை. கிறிஸ்துமஸுக்கு அவள் சிரிப்பின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வந்தன. முழங்கால் மெதுவாகத்தான் வந்தது. களைப்பு மட்டும் இன்னும் அவ்வப்போது திரும்பி வருவதாகச் சொல்கிறாள். இப்போதெல்லாம் சொல்கிறாள் என்பதுதான் விசேஷம்.

டாக்டரும் மாறினார். 'எப்படி இருக்கீங்க' என்ற கேள்வியை எங்கள் ஊருக்குள் அவர் அடியோடு விட்டுவிட்டார். 'போன மாசம் செஞ்ச எந்த வேலைய இந்த மாசம் செய்ய முடியல?' என்று கேட்கிறார். அதற்கு எங்களிடம் தயாராகப் பதில் இல்லாததால், உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை விருந்தில் ஒரு மேசையை இதற்கென்றே ஒதுக்கினோம். முழங்கால் மேசை என்று பெயர். உண்ணி கடித்தவர்கள் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வார்கள்; டாக்டரும் வந்து பீன்ஸ் தின்றபடி கேட்பார். அடுத்த ஊர்களிலிருந்தும் ஆள் வருகிறார்கள். விதி ஒன்றுதான், நான்தான் போட்டேன்: அவரவர் உடம்பில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும், ஒரு அங்குலமும் கூட்டக் கூடாது. எட்டாவது முறையாக என் வீட்டுக்கு வந்த சாணி வாரியை மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறோம், எச்சரிக்கையாக.

டாக்டர் என்னை விடுவதாக இல்லை. "எல்லார் ரத்தமும் சோதனைக்கு வந்திருச்சு, உங்களோடது மட்டும்தான் வரல" என்பார்.

"உண்ணி எடுத்தது போக மிச்சமில்ல, டாக்டர்" என்பேன்.

மார்ச்சில், சாலையெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு மதியம், டெல்ஃபின் மறுபடி பஸ்ஸை எதிர் முக்கில் நிறுத்தினாள். இறங்கி ஆறு சக்கரங்களையும் தட்டினாள். பிறகு என் வாசலுக்கு வந்தாள்.

"முழங்கால் சமாச்சாரம் அன்னிக்கு வரைக்கும் என் புருஷனுக்கே தெரியாது" என்றாள். "எனக்கு வந்த மாதிரியே, கிழமை கூட மாறாம, உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"உண்ணிங்க டைம் டேபிள் வெச்சிருக்கும்மா."

அவள் என் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். அதன் பின்னால் இருந்த நாற்காலியைப் பார்த்தாள். காலுறைக்குள் செருகிய என் பேண்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை பிள்ளைகளோடு வந்தபோது முக்கில் ஒரு நொடியும் தயங்காமல் இடது பக்கம் திரும்பினாள். திரும்பும்போது ஹார்னை இரண்டு தடவை அடித்தாள். கினிக்கோழிகள் பதின்மூன்றும் மூன்று நாள் முட்டையிடவில்லை.

எனக்கு எழுபத்தொன்பது வயதாகிறது. இன்றுவரை என்னை ஓர் உண்ணிகூடக் கடித்ததில்லை.